கில்லன்-பாரே நோய்: செவிலியப் பராமரிப்பும் மறுவாழ்வும்

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்குவதால், சில நாட்களில் கை கால்கள் வலுவிழக்கும் நோய். சுருக்கமாக ஜிபிஎஸ். 1916-இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தனர். ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு வரும். பெரும்பாலும் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களில் தொடங்கும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்குப் பாதம் மரத்துப்போனால் அலுப்பு என்றுதான் தோன்றும். மறுநாள் படியேற முடியாதபோது வாதம் என்று எண்ணெய் தேய்க்கப் போவதில் விலைமதிப்பில்லாத நாட்கள் வீணாகின்றன. பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே, 40 கி.மீ.க்குள் நரம்பு நோய்களுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. இம்யூனோகுளோபுலின் ஊசியோ பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையோ முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஸ்டீராய்டு இதற்கு உதவாது.

மருந்து நோயின் வேகத்தைத் தணிக்கும். உயிரைக் காப்பது பெரும்பாலும் செவிலியரின் விழிப்பே. நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கடைசி நேரம்வரை இயல்பான அளவையே காட்டும் என்பதால் அதை நம்பியிருக்கக் கூடாது. ஆழ மூச்சிழுத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்ல வேண்டும். காலையில் 30 வரை எண்ணியவர் மாலையில் 15-இல் நின்றால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, இந்தியோ, நோயாளி தன் தாய்மொழியில் எண்ணட்டும்.

இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் திடீரென ஏறி இறங்கும். சளி உறிஞ்சும்போதுகூட இதயத்துடிப்பு குறையலாம். விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் வாய்வழி எதுவும் தரக்கூடாது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண்ணைத் தவிர்க்கலாம். இமை மூடாதவரின் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் மூடியும் வேண்டும். உடல் அசையாவிட்டாலும் நினைவு தெளிவாகவே இருக்கும். கட்டிலருகே பேசுவதெல்லாம் நோயாளியின் காதில் விழும். "இனி எழுந்திருக்க மாட்டார்" என்று அங்கே நின்று பேசுவது கொடுமை. கடும் வலியும் இருக்கும். அவரால் சொல்ல முடியாமல் போகலாம் என்பதால் நாமே கேட்டறிய வேண்டும்.

மறுவாழ்வுப் பயிற்சி படுக்கையிலேயே தொடங்குகிறது. பாதம் தொங்கிவிடாமல் ஸ்பிளின்ட், மூட்டு இறுகாமல் மென்மையான அசைவு. தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. மரத்த காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுத்தால் வெந்துவிடும். களைப்பு வருமுன்பே பயிற்சியை நிறுத்த வேண்டும். அளவு மீறினால் பலவீனம் கூடும். நரம்பிழை சிதைந்திருந்தால் அது நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். ஆகவே மாதக்கணக்கில் பொறுமை தேவை. ஏறத்தாழ ஐவரில் நால்வர் ஆறு மாதத்துக்குள் துணையின்றி நடக்கிறார்கள்.

வீடு திரும்பியபின் பயிற்சி நின்றுபோவதுதான் பெரிய இழப்பு. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று ஓசூர் அமைந்துள்ள இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. நோயாளியின் குடும்பத்தார் தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.