கொழுவும் பல்லும்

செங்கம் என்றதும் சரித்திரப் பிரியர்களுக்கு நடுகற்கள்தான் நினைவுக்கு வரும். ஜவ்வாது மலையடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் அது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில், வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் அந்தக் கற்கள் நிற்கின்றன. ஆநிரைச் சண்டையில் உயிர்விட்ட வீரன் வில்லும் வாளுமாக அவற்றில் காட்சி தருகிறான். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் போன்ற பல்லவ மன்னர்களின் ஆட்சி ஆண்டுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் இவற்றைத் தேடித் தொகுத்து, 1972-ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலாகவே வெளியிட்டார்கள்.

எடுத்தனூரில் உள்ள கல் ஒன்று இவற்றுள் மிகவும் விசேஷமானது. மகேந்திரவர்மன் காலத்தில் மாண்ட ஒரு வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்து அது காவல் காத்த செய்தியையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய் கடித்த கடி இன்றைக்கும் சரித்திரத்தில் இருக்கிறது!

நல்லதுதான். ஆனால் அந்த வீரனுக்குத் தினமும் தினையோ கேழ்வரகோ குத்தி, கல்லில் இட்டு அரைத்து, கூழ் காய்ச்சி ஊற்றிய பெண் ஒருத்தி இருந்திருப்பாள் அல்லவா? அவள் பெயர் என்ன? அவளுக்குக் கல் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளைப் போன்றவர்களின் கதை வேறோரிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவள் சமைத்ததைத் தின்றவர்களின் பற்களில்தான்!

நம்முடைய உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேலே உள்ள எனாமல் என்னும் பூச்சு. அது இரும்பைவிடக் கடினமானது. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததுதான், மறுபடி வளராது. கடைவாய்ப் பல்லின் மேட்டு முனைகள் முதலில் மழுங்கும். பிறகு அந்த இடங்களில் உள்ளே இருக்கும் மஞ்சள் நிறமான தந்தினி புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். வருஷங்கள் செல்லச் செல்லப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு குளம்போல் பரவிவிடும். மண்ணில் புதைந்த எலும்பு கரைந்து போன இடத்திலும் பல் பெரும்பாலும் எஞ்சி நிற்கும். ஆகவே, ஆயிரம் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அதன் தேய்மானத்தைப் படிக்க முடிகிறது.

பல் தேய்மானத்தைப் பற்றித் தமிழ்ப் புலவர் ஒருவர் வெகு காலத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், கரிகாலன் அரண்மனையில் இரவும் பகலும் இறைச்சி தின்று தின்று, கொல்லையை உழுத கொழுவைப்போலத் தன் பல் மழுங்கிவிட்டதாகக் கூறுகிறான். முடத்தாமக்கண்ணியார் வேடிக்கையாகச் சொன்ன உவமைதான். ஆனாலும் எத்தனை பொருத்தம் பாருங்கள்! கொழுவைத் தேய்ப்பது ஈரமான மண் அன்று. மண்ணில் கிடக்கும் கல்லும் மணலும். பல்லின் கதையும் அதுவே. மெல்லிய இறைச்சி எனாமலை அவ்வளவாகத் தேய்த்துவிடாது. சுட்ட இறைச்சியில் ஒட்டிய சாம்பலும் மணலும், மாவிலே கலந்த அம்மிக்கல்லின் பொடியும்தான் தேய்க்கின்றன. நம் பக்கத்துக் கருங்கல்லில் உள்ள பளிங்குத் துகள் எனாமலைவிடக் கடினமானது. சோற்றில் கல் கடிபட்டால் நாம் முகம் சுளித்து, அரிசியைச் சரியாக அரிக்கவில்லை என்று குறை சொல்கிறோம். கல்லில் அரைத்த மாவை உண்டவர்களோ ஒவ்வொரு கவளத்திலும் கண்ணுக்குத் தெரியாத கல்லைத் தின்றுகொண்டிருந்தார்கள். பழைய எகிப்தியரின் பற்கள் ஏன் அப்படித் தேய்ந்திருக்கின்றன என்று ஆராய்ந்தபோதும், அவர்களுடைய ரொட்டியில் மணல் கலந்திருந்தது தெரிய வந்தது.

தேய்மானத்தைக் கொண்டு இறந்தவரின் வயதைக் கணிக்கும் முறை மிகவும் எளிமையானது. முதல் கடைவாய்ப் பல் ஆறு வயதில் முளைக்கிறது. இரண்டாவது பன்னிரண்டில், மூன்றாவது ஏறக்குறையப் பதினெட்டில். பன்னிரண்டு வயதுக் குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தால், அதன் முதல் பல்லில் உள்ள தேய்வு ஆறு வருஷத் தேய்வு. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு அதே இடுகாட்டில் கிடைத்த பெரியவர்களின் வயதைப் படிப்படியாகக் கணக்கிடலாம். இங்கிலாந்தில் மைல்ஸ் என்னும் பல் ஆராய்ச்சியாளர் 1960-களின் தொடக்கத்தில் இந்த முறையை வகுத்துக் காட்டினார். ஓர் ஊரின் அளவுகோல் இன்னோர் ஊருக்குச் செல்லாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கல்மாவு தின்ற ஊரில் முப்பது வயதுக்காரனின் பல், மென்மையான உணவு தின்ற ஊரில் ஐம்பது வயதுக்காரனின் பல்லைப்போல் இருக்கும்.

வயதோடு வாழ்க்கையையும் பல் காட்டுகிறது. 1984-இல் ஹாலி ஸ்மித் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், வேட்டையாடியும் காய் கிழங்கு சேகரித்தும் வாழ்ந்தவர்களுடைய பற்களையும் பயிர்த்தொழில் செய்தவர்களுடைய பற்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முன்னவர்களின் கடைவாய்ப் பற்கள் தரைபோலச் சமமாகத் தேய்ந்திருந்தன. பின்னவர்களின் பற்கள் கூரைபோல ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தன. நாரும் முரட்டுச் சதையும் மெல்லும் வாய்க்கும், அரைத்து வேகவைத்த உணவை மெல்லும் வாய்க்கும் உள்ள வித்தியாசம் இது.

நம் நாட்டில் இந்தத் துறையில் அரும்பணி ஆற்றியவர் ஜான் லூக்காக்ஸ். கங்கைச் சமவெளியில் மகாதகா, தம்தமா முதலிய இடைக்கற்கால இடங்களில் கிடைத்த எலும்புக்கூடுகளின் பற்களை அவர் ஆராய்ந்தார். அவை மிகவும் தேய்ந்திருந்தன, சொத்தை குறைவு. மகாராஷ்டிரத்தில் இனாம்காவ் என்ற உழவர் குடியிருப்பில் கிடைத்த பற்களிலோ சொத்தை கூடியிருந்தது. முரட்டு உணவு பல்லின் பள்ளங்களைத் தேய்த்துவிடுகிறது. சொத்தை குடியேற இடமில்லாமல் போகிறது. மாவும் கூழும் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு பல்லை அரிக்கின்றன. மனிதன் தானியம் விளைத்ததற்குக் கொடுத்த விலைகளில் பல்வலியும் ஒன்று!

இப்போது செங்கத்துக்குத் திரும்புவோம். சங்க காலத்தில் இது செங்கண்மா. நன்னன் ஆண்ட ஊர். அவனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தர்கள் மலையேறி இறங்கி அவனிடம் செல்லும் வழியை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் சேர்த்துச் சொல்கிறது. மலையிலே தினைச் சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும். ஓரிடத்தில் மூங்கிலரிசியும் அவரையும் புளியும் சேர்ந்த கூழ். கீழே வயற்புறத்தில் நெற்சோறும் மீனும். வேட்டுவனும் உழவனும் ஒரே வழியில் அடுத்தடுத்து வாழ்ந்த சீமை இது. மலைக்கு மறுபுறத்தில், திருப்பத்தூருக்கு அருகே உள்ள பையம்பள்ளியில் 1964-க்கும் 1968-க்கும் இடையில் எஸ். ஆர். ராவ் தலைமையில் நடந்த அகழ்வாராய்ச்சியில், புதிய கற்கால மக்களின் வழவழப்பான கல் கோடரிகளோடு அரைக்கும் கற்களும், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. தானியம் உண்டு, கல் உண்டு. அந்தக் கல்லைப் பிடித்த கையும் இருந்திருக்கும்.

ஜவ்வாது மலையில் பழைய கல்திட்டைகள் இருக்கின்றன. இவை குள்ளர்கள் கட்டி வாழ்ந்த வீடுகள் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டு மலைகளில் பரவலாக உண்டு. உண்மையில் அவை இறந்தோருக்காக எழுப்பிய கற்கள். நம்மைப்போலவே பசித்து, மென்று, பல்வலியால் இரவில் விழித்துக் கிடந்த மனிதர்களுக்காக எழுப்பியவை.

அவர்களிடம் நாம் கேட்டதெல்லாம் வேறு கேள்விகள். ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோர் தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொற்பட்டங்களையும் வெண்கலப் பாத்திரங்களையும் கண்டு உலகம் வியந்தது. அங்கே கிடைத்த மண்டையோடுகளைப் பற்றி ஸாலி ஸுக்கர்மேன் எழுதிய ஆராய்ச்சியைச் சென்னை அருங்காட்சியகம் 1930-இல் வெளியிட்டது. அன்றைய அறிஞர்களை ஆட்டி வைத்த கேள்வி, இவர்கள் எந்த இனம் என்பது. இவர்கள் என்ன சாப்பிட்டார்கள், அதை யார் அரைத்தார்கள் என்று கேட்கும் ஆர்வம் வெகு காலம் கழித்தே வந்தது.

கேள்வி வந்த வேளையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். புதையல் இருக்கும் என்று கல்வட்டங்களைக் கிளறுகிறார்கள். ஜல்லிக்காகப் பாறைகளை உடைக்கிறார்கள். நிலம் திருத்துகையில் தாழிகள் நொறுங்குகின்றன. சிவப்பும் கறுப்புமான பானை முழுசாகக் கிடைத்தால் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அதற்குள் இருந்த நாலு பல்லை மண்ணோடு மண்ணாகக் கொட்டிவிடுகிறார்கள்.

நடுகல் ஒரு மனிதனின் கடைசி நாளைச் சொல்கிறது. தேய்ந்த பல் அவன் உட்கார்ந்து சாப்பிட்ட எல்லா நாட்களையும் சொல்கிறது. மண் தோண்டும்போது தாழியோ கல்லறையோ தென்பட்டால், கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கோவிவனுக்கு ஒரு கல் வைத்த சீமை இது. கூழ் காய்ச்சியவளுக்காக அந்த நாலு பல்லையாவது விட்டு வைப்போம்.