ஆம்ப்ளிஃபயர் – சப்வூஃபர் பொருத்தம்

கார் ஒலியமைப்பில் ஆம்ப்ளிஃபயர் தரும் திறனும் சப்வூஃபர் தாங்கும் திறனும் இசைந்திருப்பது. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச வாட்டை விட்டு, தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட்டையே ஒப்பிட வேண்டும். ஓம் அளவும் முக்கியம்: சப்வூஃபரின் 4 ஓம் வாய்ஸ் காயில்கள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம், தொடரிணைப்பில் 8 ஓம். ஆம்ப்ளிஃபயருக்குக் குறித்த குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போனால் அது சூடேறிப் பழுதாகலாம். சிறிய ஆம்ப்ளிஃபயரில் கெயினை அளவு மீறிக் கூட்டினால் ஒலியலையின் முகடு வெட்டுப்படும். அந்நிலை நீடித்தால் வாய்ஸ் காயில் கருகும். 500 வாட் ஆம்ப்ளிஃபயர், 80 விழுக்காடு செயல்திறனில், 13.8 வோல்ட்டில் முழுத் திறனில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். எனவே தடித்த செம்புக் கம்பியும் பேட்டரி அருகே ஃப்யூஸும் கட்டாயம். திண்டுக்கல்லை அடுத்த அகரம் போன்ற சமவெளி ஊர்களின் கோடை வெயிலில், டிக்கியில் வைக்கும் ஆம்ப்ளிஃபயரைச் சுற்றிக் காற்றோட்ட இடைவெளி விடுவது அவசியம்.