விவிலிய விளக்கவியல்

விவிலிய விளக்கவியல் என்பது விவிலிய நூல்களுக்குப் பொருள் காணும் நெறிகளை ஆராயும் துறை. ஒரு பகுதிக்கு உரை எழுதுவது விளக்கவுரை. அந்த உரை எந்த நெறியில் எழுதப்படுகிறது, அதற்குச் சான்று என்ன என்று கேட்பது விளக்கவியல். பல்கலைக்கழகங்களின் இறையியல், சமயவியல் துறைகளிலும் இறையியல் கல்லூரிகளிலும் குருமடங்களிலும் இது கற்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு விளக்க முறையும் தன் காலத்துக் கேள்வி ஒன்றிலிருந்து பிறந்தது என்பதால், முறைகளையும் அவற்றின் வரலாற்றையும் சேர்த்தே படிப்பது வழக்கம்.

தொடக்கக் காலம்

3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஓரிஜென், மனிதனுக்கு உடல், ஆன்மா, ஆவி இருப்பதுபோல மறைநூலுக்கும் மூன்று நிலைப் பொருள் உண்டு என்றார். எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அருகருகே வைத்து ஒப்பிட உதவிய ‘ஹெக்சாப்லா’வைத் தொகுத்தவரும் அவரே. அந்தியோக்கியா அறிஞர்களோ உருவகத்துக்கு வரம்பு கட்டி, சொல்லின் நேர்ப்பொருளையும் வரலாற்றையும் வலியுறுத்தினர்.

5ஆம் நூற்றாண்டில் யோவான் காசியன் நால்வகைப் பொருளுக்கு எருசலேமை எடுத்துக்காட்டாகத் தந்தார். நேர்ப்பொருளில் அது யூதரின் நகரம், உருவகத்தில் திருச்சபை, அறநோக்கில் மனித ஆன்மா, மறுமை நோக்கில் விண்ணக நகரம். இடைக்காலம் முழுவதும் இந்தப் பகுப்பு நிலைத்தது.

பல்கலைக்கழகத்தில் விவிலியம்

13ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் விவிலியத்தை வாசித்து விளக்குவது இறையியல் ஆசிரியரின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று. பக்கத்தின் நடுவே மூலமும், ஓரங்களிலும் வரிகளுக்கிடையிலும் முன்னோர் உரையும் எழுதப்பட்ட பிரதிகளைக் கொண்டு பாடம் நடந்தது. இறையியல் வாதத்துக்கு நேர்ப்பொருளே ஆதாரமாகும் என்று தாமஸ் அக்குவினாஸ் வரையறுத்தார். யூத உரையாசிரியர் ராஷியின் உரைகளைக் கிறிஸ்தவரான லீரா ஊர் நிக்கோலாஸ் தாராளமாகப் பயன்படுத்தினார்.

எராஸ்மஸ் 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபின் மூலமொழி அறிவின் தேவை கூடியது. 1512இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் விவிலியப் பேராசிரியரான மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தச் சிந்தனை, திருப்பாடல்களையும் உரோமையர் திருமுகத்தையும் அவர் வகுப்பில் விளக்கியபோது உருப்பெற்றது.

வரலாற்றுத் திறனாய்வு

மற்ற பழைய நூல்களைப் போலவே விவிலியத்தையும் அதன் மொழி, ஆசிரியர், காலம் கொண்டு ஆராய வேண்டும் என்று 1670இல் ஸ்பினோசா வாதிட்டார். 1787இல் ஆல்ட்டார்ஃப் பல்கலைக்கழகப் பதவியேற்பு உரையில் யோஹான் பிலிப் காப்ளர், விவிலிய இறையியல் வேறு, திருச்சபைக் கோட்பாட்டு இறையியல் வேறு என்று பிரித்தார். விவிலிய இறையியல் தனித் துறையாகக் கால் ஊன்றியதற்கு இவ்வுரையே அடையாளமாகச் சொல்லப்படுகிறது. பெர்லினில் ஷ்லையர்மாகர் விளக்கவியலை எந்த நூலுக்கும் பொதுவான ‘புரிந்துகொள்ளும் கலை’யாக விரித்தார்.

இந்த வரலாற்றுத் திறனாய்வு சிலரின் பதவியைப் பறித்தது. இயேசுவின் வாழ்வைத் திறனாய்ந்து 1835இல் நூல் வெளியிட்ட டேவிட் ஸ்ட்ராஸ் ட்யூபிங்கனில் வேலை இழந்தார். ராபர்ட்சன் ஸ்மித் 1881இல் அபர்டீனில் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தன் பாடம் மாணவரைத் திருச்சபைப் பணிக்கு ஆயத்தப்படுத்தவில்லை என்று கருதிய யூலியுஸ் வெல்ஹவுசன், 1882இல் கிரைஃப்ஸ்வால்ட் இறையியல் பதவியிலிருந்து தாமே விலகினார்.

முதன்மை முறைகள்

பாடத் திறனாய்வு: கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு மூலப்பாடத்தைத் தேடுகிறது. 1947 முதல் கிடைத்த சாக்கடல் சுருள்கள், முழு எபிரேய விவிலியத்தின் மிகப் பழைய படியைவிட ஏறத்தாழ 1,000 ஆண்டு முந்தைய சான்றுகளைத் தந்தன.

மூலத் திறனாய்வு: ஒரு நூலுக்குள் கலந்திருக்கும் பழைய மூலங்களைப் பிரிக்கிறது. தொடக்கநூலின் வெள்ளக் கதையில் ஓரிடத்தில் எல்லா உயிரினங்களிலும் ஒவ்வொரு சோடி பேழைக்குள் போகிறது. இன்னோரிடத்தில் தூய விலங்குகள் ஏழு சோடி. வெள்ளம் ஓரிடத்தில் 40 நாள், இன்னோரிடத்தில் 150 நாள். கடவுளின் பெயரும் மாறுகிறது. இரு மரபுகள் பின்னப்பட்டதே இதற்குக் காரணம் என்பது இம்முறையின் முடிவு.

வடிவத் திறனாய்வு: ஹெர்மன் குங்கல் தொடங்கி, ருடால்ஃப் புல்ட்மான் நற்செய்திகளுக்கு விரித்தது. எழுத்தில் வருமுன் வாய்மொழியாக வழங்கிய சிறு அலகுகளையும், அவை வழங்கிய வாழ்க்கைச் சூழலையும் தேடுகிறது.

தொகுப்புத் திறனாய்வு: தன் மூலத்தை நற்செய்தியாளர் எப்படி மாற்றினார் என்று பார்க்கிறது. 1948இல் குந்தர் போர்ன்காம் எடுத்துக்கொண்டது புயலை அடக்கும் நிகழ்ச்சி. மாற்குவில் சீடர் இயேசுவைக் குறைபட்டு எழுப்புகின்றனர். மத்தேயுவில் அது மன்றாட்டாகிறது. மாற்குவில் புயல் அடங்கியபின் சீடரைக் கடியும் இயேசு, மத்தேயுவில் அதற்கு முன்பே கடிகிறார். மத்தேயுவில் சீடர் இயேசுவைப் பின்பற்றிப் படகேறுகின்றனர். அற்புதக் கதை சீடத்துவப் பாடமாகிவிட்டது என்றார் போர்ன்காம்.

1970களுக்குப்பின் கவனம் நூலின் பின்புலத்திலிருந்து நூலுக்கும் வாசகருக்கும் நகர்ந்தது. ராபர்ட் ஆல்ட்டர் கதைக்கலையை ஆராய்ந்தார். எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்சா பெண்ணிய வாசிப்பை நிலைநிறுத்தினார். கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு முன்பே, 1943இல், இலக்கிய வடிவ ஆய்வை ஊக்குவித்தது. அதன் விவிலிய ஆணையம் 1993 ஆவணத்தில் இம்முறைகளை வரிசையாக மதிப்பிட்டது.

தமிழ்த் தொடர்பு

ஜெர்மனியின் ஹாலேயில் பயின்ற மறைப்பணியாளர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி வந்தார். அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கேயே அச்சானது. அடுத்து வந்த மொழிபெயர்ப்புகளில் கடவுளின் பெயர் மாறியதே ஒரு விளக்கவியல் பாடம். பப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். 19ஆம் நூற்றாண்டின் பவர் திருப்புதல் ‘தேவன்’ என்றது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கிறது. இலங்கையில் பிறந்து பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆர்.எஸ். சுகிர்தராஜா, காலனிய அதிகாரத்தை மனத்தில் கொண்டு விவிலியத்தை வாசிக்கும் பின்காலனிய முறையின் முன்னோடி. டென்மார்க் மன்னரின் 1827 பட்டயத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது செராம்பூர் கல்லூரி. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி அந்தப் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தப்படுத்துகிறது.

ஒரே பகுதிக்கு இரு மாணவர் இரு பொருள் காணலாம். ஆனால் எந்தச் சொல்லிலிருந்து, எந்த முறையால் அதை அடைந்தோம் என்று இருவரும் காட்டியாக வேண்டும். இத்துறையில் மதிப்பெண் அதற்குத்தான்.