பீடங்களும் அதிகாரமும்: புடாபெஸ்ற் பல்கலைக்கழக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

பல்கலைக்கழகமொன்றின் பீட அமைப்பினை வெறும் நிர்வாக ஏற்பாடாகக் கொள்வதே பொது வழக்கு. ஆயின், எந்தப் பீடம் எப்பொழுது தோன்றிற்று, எப்பொழுது பிரிக்கப்பட்டது என வினவுவோமாயின், அறிவு எவரின் தேவைக்காக ஒழுங்குபடுத்தப்பட்டது என்பது புலனாகும். ஹங்கேரியின் எற்வோஷ் லொறாண்ட் பல்கலைக்கழகத்தை நாம் இங்கு அவ்வாறே நோக்குகின்றோம்.

1635 இல் பேராயர் பீற்றர் பாஸ்மானி இதனை நிறுவியபோது புடா நகர் ஒட்டோமன் ஆட்சியின்கீழ் இருந்தது. எனவே, இன்று சிலோவாக்கியாவிலுள்ள திர்நாவாவில், இயேசு சபையினரின் பொறுப்பில் அது தொடங்கிற்று. மெய்யியல், இறையியல் ஆகிய இரு பீடங்களும் புரட்டஸ்தாந்தத்துக்கு எதிரான கத்தோலிக்க மீட்சிக்குத் துணைநின்றன. சட்டபீடம் 1667 இல் தோன்றிற்று. 1769 இல் மருத்துவபீடம் சேர்ந்த காலத்தையொட்டி, பேரரசி மரியா தெரேசாவின் அரசு திருச்சபையின் பிடியைத் தளர்த்தித் தன் மேலாண்மையை நிறுவிக்கொண்டது. 1777 இல் புடாவுக்கும் 1784 இல் பெஸ்றுக்கும் பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்தது.

போதனாமொழியின் வரலாறு தனிக் கவனத்துக்குரியது. இலத்தீனே நெடுங்காலம் கோலோச்சியது. 1844 இல் ஹங்கேரிய மொழி அரசமொழியாயிற்று. 1849 இல் விடுதலைப்போர் தோல்வியுற்றதும் ஜேர்மன் திணிக்கப்பட்டது. 1860 இன் பின்னரே தாய்மொழிப் போதனை நிலைபெற்றது. எழுச்சியுற்ற தேசிய வர்க்கத்தின் வெற்றி இதுவெனலாம். அதே தேசியவாதத்தின் மறுமுகத்தை 1920 ஆம் ஆண்டுச் சட்டத்திலே காண்கின்றோம். மக்கட்டொகையில் ஒவ்வோர் இனத்துக்கும் உள்ள விகிதத்துக்கேற்பவே மாணவர் அனுமதி அமையவேண்டுமென அச்சட்டம் விதித்தது. அதன் இலக்கு யூத மாணவரே. நீதி என்ற பெயரிலே நுழைந்த இவ்விகிதக் கணக்கைப் பேராசிரியர் சிலர் எதிர்க்கவில்லை என்பது மட்டுமன்று, ஆதரித்தும் நின்றனர்.

1945 இன் பின்னர் நிலைமை மாறிற்று. 1946 இல் இயக்கமாக ஒன்றிணைந்த மக்கள் கல்லூரிகள், விவசாய, தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உறைவிடமளித்து உயர்கல்வியின் வாயிலைத் திறந்தன. 1949 இல் அவை கலைக்கப்பட்டமை அதிகாரவர்க்கப் போக்கின் விளைவென்பதே எமது கருத்து. 1950 இல் பல்கலைக்கழகம் பௌதிகவியலாளர் எற்வோஷின் பெயரைப் பெற்றது. அவ்வாண்டில் இறையியற் பீடமும், அடுத்த ஆண்டில் மருத்துவபீடமும் பிரிக்கப்பட்டன. இங்கு அழகியல் பேராசிரியராயிருந்த ஜோர்ஜ் லூக்காச் 1949 இல் கட்சியின் கண்டனத்துக்கு ஆளானார். 1956 ஒக்ரோபர் 23 இல் இதன் மாணவர் வீதியிலிறங்கினர். இம்ரே நாஜியின் அரசில் அமைச்சராயிருந்த லூக்காச், எழுச்சி ஒடுக்கப்பட்டபின் ருமேனியாவுக்கு அனுப்பப்பட்டார். மார்க்சியத்தின் பெயரால் ஆண்டோர் மார்க்சியப் பேரறிஞர் ஒருவரையே சகிக்க மாட்டாதிருந்தமை, எம்போன்றோர் தட்டிக்கழித்துவிடக்கூடிய செய்தியன்று.

2003 இல் சமூகவிஞ்ஞானம், தகவலியல், கல்வியியலும் உளவியலும் ஆகியவை தனித்தனிப் பீடங்களாயின. சந்தையின் கோரிக்கை இப்பிரிப்பில் எவ்வளவு, துறைகளின் உள்வளர்ச்சி எவ்வளவு என்பது ஆய்வுக்குரியது. 2021 இல் அரச பல்கலைக்கழகங்கள் பல அறநிதியங்களின் கையில் ஒப்படைக்கப்பட்டபோது, இது அரசின்கீழேயே தொடர்ந்தது.