பிரிண்ட் போட்டி மாலை: கமராக் கழகங்களின் ஒரு நெடுநாள் வழக்கம்

பிரிண்ட் போட்டி என்பது, கமராக் கழக உறுப்பினர்கள் எடுத்து அச்சிட்ட படங்களை ஒரு நடுவர் முன் ஒவ்வொன்றாக வைத்து மதிப்பிடும் மாலைக் கூட்டம். படம் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். எடுத்தவரின் பெயர் அட்டையின் பின்புறத்தில் மட்டுமே இருக்கும். பொறுப்பாளர் தலைப்பை வாசித்துவிட்டு, விளக்கொளி விழும் தாங்கியில் படத்தை நிறுத்துவார். நடுவர் பெரும்பாலும் வேறு கழகத்துக்காரர். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார், பிறகு கிட்டே போய் ஓரங்களையும் நிழல்களையும் ஆராய்வார், சபை கேட்க நிறைகுறை சொல்லி மதிப்பெண் இடுவார். பல கழகங்களில் அது 20க்கு. படத்தை எடுத்தவர் அதே சபையில்தான் அமர்ந்திருப்பார், ஆனால் வாய் திறக்கக்கூடாது. எத்தனை நாள் காத்திருந்து எடுத்தார், எந்த மலையில் ஏறினார் என்பதெல்லாம் கணக்கில் வராது. தாளில் தெரிவதற்கு மட்டுமே மதிப்பு. இந்த ஒரு விதிதான் வழக்கத்தின் முதுகெலும்பு. அதன் நன்மையும் தீமையும் இதிலிருந்தே பிறந்தன.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1852இலும், இலண்டனில் 1853இலும் ஒளிப்படச் சங்கங்கள் தோன்றின. இலண்டன் சங்கமே பின்னர் ரோயல் என்ற அடைமொழியைப் பெற்றது. 1854 ஜனவரியில் அது தன் முதல் கண்காட்சியை நடத்தியது. நடுவர் குழு, பதக்கம், விமர்சனம் ஆகிய மூன்றும் அப்போது கண்காட்சிகளோடு சேர்ந்தவை. மாதாந்தர மாலைப் போட்டி என்ற சிறிய வடிவம் அவற்றிலிருந்து கிளைத்தது.

தமிழ் நிலத்தில் இதன் தொடக்கத்தை 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் காணலாம். தென்னிந்தியாவின் மூலப்பொருட்களுக்கும் கைவினைகளுக்குமான அந்தக் காட்சியில், சென்னைப் படையைச் சேர்ந்த கப்டன் லினேயஸ் டிரைப், ஹளேபீடு, பேலூர் கோயில்களின் படங்களை வைத்தார். தாளில் அமைந்த காட்சிப் படங்களில் சிறந்த தொகுதி என்று நடுவர் குழு அதற்கு முதல் வகுப்புப் பதக்கம் அளித்தது. மறு ஆண்டு சென்னை ஒளிப்படச் சங்கம் உருவானது. சென்னைக் கலைப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் அதில் முன்னின்றார். அதே 1856இல் டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் ஆனார். மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை ஆகிய இடங்களில் அவர் எடுத்தவை 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அன்றைய நிலையில் இது அசாத்தியமான உழைப்பு.

டிரைப்பின் நெகட்டிவுகளில் பெரும்பாலானவை கண்ணாடியில் அமைந்தவையல்ல, மெழுகூட்டிய தாள்கள். அக்கால இரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி இணங்கியதால், வானம் பிரிண்டில் வெறும் வெள்ளையாக வந்தது. அவர் நெகட்டிவின் மேல் நிறம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார், மர இலைகளுக்கும் திருத்தம் செய்தார். பிற்காலப் போட்டி மாலைகளில் ஓயாமல் எழுந்த வழக்கு இதுவே: கையால் சேர்த்த மேகம் ஒளிப்படமா, ஓவியமா? டிரைப்பை வைத்துப் பார்த்தால், ஒளிப்படத்தின் பிள்ளைப் பருவத்திலேயே திருத்தம் உடன் இருந்தது தெரிகிறது. அதைப் பிந்திவந்த கெடுதி என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1880களில், முன்கூட்டியே பூச்சு இட்டு வைத்த உலர்தகடு பரவியது. 1888இல் கோடக் பெட்டிக் கமரா வந்தது. இரசாயனம் அறியாதவரும் படம் எடுக்கத் தொடங்கினர், கழகங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. போட்டிகள் ஆட்களைக் கண்டெடுத்தன. 1887இல் அமெச்சூர் போட்டோகிராபர் இதழின் விடுமுறைப் படப் போட்டியில் பி.எச். எமர்சன் என்ற நடுவர் முதல் பரிசுக்குத் தேர்ந்தெடுத்தது, பின்னாளில் புகழ்பெற்ற, ஆனால் அப்போது அறியப்படாதிருந்த ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் படத்தை. 1892இல் சிலர் மேலே சொன்ன இலண்டன் சங்கத்தின் போக்கில் வெறுப்புற்றுப் பிரிந்து, லிங்க்ட் ரிங் என்ற அமைப்பை நிறுவினர். மறு ஆண்டு அவர்கள் தம் கண்காட்சிக்கு, பாரிஸ் ஓவியக் காட்சிகளைப் பின்பற்றி, சலோன் என்று பெயரிட்டனர். இன்றும் உலகெங்கும் ஒளிப்படப் போட்டிக் கண்காட்சிக்கு அந்தப் பெயரே வழங்குகிறது.

நடுவரும் விமர்சகரும் தவறுவதும் இந்த வரலாற்றின் பகுதி. ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோனின் முக ஓவியம் போன்ற படங்களை, துலக்கம் போதாது, தகட்டில் கீறல் இருக்கிறது என்று 1860களில் இலண்டன் விமர்சகர்கள் ஒதுக்கினர். அவர்களில் பலரின் பெயர் இன்று மறந்துபோயிற்று. கமரோன் 1875இல் கணவரின் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு வந்தார், 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கிறது.

இலங்கையில் கழக வாழ்வு செழித்தது 1930களில். சிலோன் ஒளிப்படச் சங்கத்தை அப்போது நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் லயனல் வெண்ட். 1900இல் பிறந்த அவர் சட்டம் படித்தவர், தேர்ந்த பியானோ கலைஞர். 1934இல் வெளிவந்த 'சோங் ஒப் சிலோன்' ஆவணப்படத்தில் பின்னணி உரை அவருடைய குரல். ரோலிஃபிளெக்ஸ், லைக்கா இரண்டையும் கையாண்டார். ஆனால் அவருடைய உண்மையான களம் இருட்டறை. படம் கழுவும் நடுவே ஒரு கணம் வெளிச்சம் காட்டி, உருவங்களின் விளிம்பில் கோடு எழச் செய்யும் சோலரைசேஷன், பல நெகட்டிவுகளை ஒன்றாக்கும் மொன்டாஜ் என்று, ஐரோப்பாவில் மான் ரே போன்றவர்கள் செய்த சோதனைகளைக் கொழும்பில் செய்து பார்த்தார். 1938இல் லைக்கா தயாரித்த ஏர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தின் ஆதரவுடன் இலண்டன் கமரா கிளப்பில் அவருடைய தனிக் காட்சி நடந்தது. 1944 டிசம்பரில் வெண்ட் காலமானார். அதன்பின் நெகட்டிவுகள் அழிக்கப்பட்டன. 1950இல் இலண்டனில் வெளியான 'லயனல் வெண்ட்ஸ் சிலோன்' என்ற நூலும், இன்று சேகரிப்புகளில் உள்ள பிரிண்டுகளுமே எஞ்சியவை. நெகட்டிவே மூலம், பிரிண்ட் வெறும் நகல் என்று எண்ணுவோருக்கு இது வலுவான மறுப்பு. வெண்ட் எந்த நிழலை எவ்வளவு கருக்க நினைத்தார் என்பதை நெகட்டிவ் ஒருபோதும் சொல்லியிராது, தாள்தான் சொல்கிறது. அவர் வாழ்ந்த வளவில் எழுந்த லயனல் வெண்ட் கலை மையம் 1953இல் திறக்கப்பட்டது.

திருகோணமலைக்கும் ஒளிப்பட வரலாற்றில் இடம் உண்டு. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் 1956இல் இலங்கைக்கு வந்து, சுவாமி மலையடிக் கடலில் மூழ்கினர். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்கள் அங்கே கிடந்தன. வில்சன் நீருக்கடியில் எடுத்த படங்கள் கிளார்க்கின் 'தி ரீஃப்ஸ் ஒப் தப்ரோபேன்' நூலில் 1957இல் வந்தன. அழகுப் பிரிவில் போட்டியிட்டால் இத்தகைய கலங்கிய நீர்ப் படங்களுக்கு அதிக மதிப்பெண் கிடைக்காது. ஆனால் ஒரு கோயிலின் சாட்சி அவற்றில் இருக்கிறது. கழகங்கள் ஆவணப் படத்துக்கும் இயற்கைப் படத்துக்கும் தனிப் பிரிவுகள் வகுத்தது இந்த நியாயத்தால்தான்.

மறுபுறம், நகருக்கு வடக்கே நிலாவெளிப் பாதையில் உள்ள சாம்பல்தீவு போன்ற கரைகள், அழகுப் பிரிவுக்கு ஏற்றவை. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், விடியலில் வள்ளமும் ஆளும் எதிரொளியில் கருநிழலாகத் தெரிவர். கரைவலை இழுப்போர் வரிசையை அந்த ஒளியில் எடுத்த படம் தெற்காசிய சலோன்களுக்கு அலுக்காத பொருள். இங்கேதான் வழக்கத்தின் தீமை வெளிப்படுகிறது. போன மாதம் எதற்கு மதிப்பெண் கிடைத்ததோ அதையே இந்த மாதம் பலர் கொண்டுவருவர். காலப்போக்கில் ஒரு கழகத்தின் படங்கள் ஒரே கை எடுத்தவை போலாகிவிடும். தன் கண்ணுக்கு விசுவாசமாக இருப்பவர் சில ஆண்டுகள் குறைந்த மதிப்பெண்ணோடு வீடு திரும்பவே நேரும்.

எதிரொளிப் படத்தைத் தாளில் கொண்டுவருவது எளிதன்று. நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் ஒளி தாளில் விழும்போது கையையோ அட்டைத் துண்டையோ அசைத்து நிழல் பகுதியை மறைக்க வேண்டும். வானத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். வெப்ப நாட்டில் இன்னொரு தொல்லை. தாளில் படத்தை எழவைக்கும் டெவலப்பர் கரைசலுக்கு வகுத்த வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். இங்கே குழாய்த் தண்ணீரே 30 பாகையை நெருங்கும். ஜெலட்டின் பூச்சு இளகி உரியும். ஆகவே தட்டுகளைப் பனிக்கட்டிக்குள் வைத்தும், குரோம் படிகாரத்தால் பூச்சை இறுக்கியும், சோடியம் சல்பேட்டுக் கலந்த டெவலப்பரைப் பயன்படுத்தியும் வேலை செய்தனர். பிரிண்ட் காய்ந்தபின், தூசி விட்ட வெண்புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மறைத்து, சூட்டு இரும்பால் அட்டையில் ஒட்டினால்தான் போட்டிக்கு ஆகும். நடுவர் முதலில் தேடுவது அந்த வெண்புள்ளிகளையே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கழகங்கள் கூட்டமைப்புகளாயின. 1950இல் ஃபியாப் என்ற சர்வதேசச் சம்மேளனமும், 1953இல் இந்திய ஒளிப்படச் சம்மேளனமும் அமைந்தன. சலோன்களில் ஏற்கப்பட்ட படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஃபியாப் பட்டங்கள் வழங்கியதால், பெயருக்குப் பின் எழுத்துகள் சேர்ப்பதே சிலருக்கு நோக்கமாயிற்று. ஆயினும் பெங்களூரில் வாழ்ந்த தமிழரான டி.என்.ஏ. பெருமாள் போன்ற வனவிலங்குப் படக்கலைஞர்கள் இந்த ஏணியில் ஏறித்தான் உலகுக்குத் தெரிந்தார்கள்.

வண்ணச் சிலைடும், வண்ணப் படங்களை இயந்திரத்தில் கழுவித் தரும் கடைகளும் வந்ததும், எடுத்தவரே அச்சிடும் பழக்கம் தளர்ந்தது. டிஜிட்டல் காலத்தில் கழகங்கள் திரையில் காட்டும் படங்களுக்குத் தனிப் பிரிவு திறந்தன. தபால் செலவு மிச்சமாவதால் சர்வதேச சலோன்கள் பலவும் கோப்புகளையே கேட்கின்றன. ஆனால் நிறமி மை இன்க்ஜெட் அச்சுப்பொறியும் பருத்தித் தாளும் வீட்டுக்குள் வந்ததால், இருட்டறை இல்லாமலே பிரிண்ட் போடுவது மீண்டும் சாத்தியமாகியிருக்கிறது. சில கழகங்கள் கடையில் அச்சிட்டதையும் போட்டிக்கு ஏற்கின்றன. வேறு சில, எடுத்தவரே அச்சிட வேண்டும் என்ற பழைய விதியை விடாமல் வைத்திருக்கின்றன.