விஞ்ஞான உரையும் வினைக் காலமும்

கடல்மட்டத்தில் நீர் 100 பாகை சென்ரிகிறேட்டிற் கொதிக்கும் என்பது விஞ்ஞான நூல் வழக்கு. 'கொதிக்கும்' என்பதனை மாணவர் பலர் எதிர்காலம் என்றே கொள்வர். மலையின் நிலைபோல முக்காலத்தும் ஒருபடித்தாய இயல்பினை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லாற் கிளத்தல் வேண்டுமெனத் தொல்காப்பிய வினையியல் விதித்தது. அச்சொல் 'செய்யும்' என்னும் வாய்பாடே என உரையாசிரியர் விளக்கினர். நன்னூலாரும் அத்தகைய பொருளை நிகழ்காலத்தாற் கூறுக என்றார். 'செய்யும்' முற்று நிகழ்வும் எதிர்வும் காட்டும் என்பதும் அவர் கொள்கை. பின்னாளில் 'கின்று' இடைநிலை நிகழ்காலத்தைத் தனதாக்கிக்கொள்ளப் பழைய முற்று எதிர்காலமே போலத் தோன்றலாயிற்று. ஆயினும் பாடநூலார் அதனைக் கைவிடாமை நன்றே.

எப்பொருள் முக்காலத்துக்கும் உரியது எனத் துணிதல் இலக்கணத்தின் வேலையன்று, எழுதுவோன் பொறுப்பு. ஒரு கருவியால் ஒரு நாள் அளந்ததை 'இவ்வளவாயிருந்தது' என எழுதுவோன் அந்நாளுக்கே பொறுப்பாவான். 'இவ்வளவாகும்' என எழுதின் எந்நாளுக்கும் பிணை நிற்பான். 1930இல் புளூட்டோ கண்டறியப்பட்டது. அதன்பின் சூரியனை ஒன்பது கோள்கள் சுற்றும் எனப் பாடநூல்கள் எழுதின. 2006இல் சர்வதேச வானியற் சங்கம் கோளுக்கு வரையறை வகுத்துப் புளூட்டோவைக் குறுங்கோள் வரிசையிற் சேர்த்தது. 'சுற்றும்' என்ற வாக்கியம் திருத்தப்படவேண்டியதாயிற்று. 'கண்டறியப்பட்டது' என்ற வாக்கியத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை.