மெட்டேறியவர்களின் இரவுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் ஏறுவழி முடிந்து இறங்குவழி தொடங்கும் தாழ்வான இடத்தைத் தேனி வட்டாரத்து மக்கள் ‘மெட்டு’ என்பர். போடிமெட்டு, தேவாரம்மெட்டு, இராமக்கல்மெட்டு, கம்பம்மெட்டு என அப்பெயரைத் தாங்கிய இடங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் வரிசையாக அமைந்துள்ளன. முதுகுப்பையும் கூடாரமும் சுமந்து தனியே மலையேறி ஓரிரவு கழித்துத் திரும்புவது இன்று இளைஞர்கள் நாடும் பொழுதுபோக்காகியிருந்தாலும், இம்மெட்டுகளைக் கால்நடையாகக் கடந்த பழங்காலத்தவருக்கு மலையில் இராத் தங்குவது பிழைப்பின் ஒரு பகுதியாக இருந்தது. அவர்கள் எந்தப் பருவத்தில் ஏறினர், எங்கே தங்கினர், யாரை உடன் கொண்டனர் என்பவற்றை முடிவு செய்ததில் இம்மலையின் வானிலைக்கே முதற்பங்கு உண்டு.

பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. போடிமெட்டு 1,300 மீட்டரையும் கொழுக்குமலை 2,000 மீட்டரையும் தாண்டி நிற்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பதால், போடிநாயக்கனூரில் வேர்வை வழியப் புறப்பட்டவர் மாலைக்குள் குளிரில் நடுங்கும் இடத்தை அடைந்துவிடுகிறார். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கை மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, வறண்ட காற்றாகக் கணவாய்களின் வழியே கிழக்கில் பாய்கிறது. மலை தடுத்துக்கொள்வதால் மழை குறைந்துபோகும் இத்தகைய நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். கம்பம் பள்ளத்தாக்கு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆடி மாதத்தில் பள்ளத்தாக்கிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்குத் தலைக்கு மேல் வெயிலும் முகட்டின் மேல் அசையாத வெண்மேகமும் ஒருசேரத் தெரியும். அம்மேகத்திற்குள் பத்தடி தூரத்து மரமும் தெரியாத மூட்டமும் ஓயாத சாரலும் இருப்பதைக் கீழே நிற்கும் கண்ணால் அறிய முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எதிர்த்திசையிலிருந்து வந்து கிழக்குச் சரிவை நனைக்கிறது. அப்போது காலையில் கணுக்கால் அளவு நீரோடிய ஓடை, மேலே பெய்த மழையால் பிற்பகலில் ஆளை இழுத்துச் செல்லும் காட்டாறாகிவிடும். மாசி, பங்குனியிலோ போதைப்புல் எனப்படும் மலைப்புல் முற்றிலும் காய்ந்து ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. இரண்டு பருவமழைகளுக்கும் நடுவில் ஒரே முகடு நிற்பதால், ஒரு பக்கத்து வானத்தைப் பார்த்து மறுபக்கத்தைக் கணிக்கும் எவரையும் இம்மலை ஏமாற்றிவிடும்.

இந்த நிலையிலும் மனிதர்கள் ஏறியே ஆக வேண்டியிருந்தது. மலையின் மேற்கே ஏலக்காடுகள் இருந்தன. அவற்றுக்கு வேண்டிய அரிசியும் உப்பும் துணியும் கிழக்கே பள்ளத்தாக்கில் இருந்தன. ஏலக்காய் அறுவடையின் பெரும்பகுதி ஆவணி தொடங்கித் தை வரையிலான மழைக்கும் பனிக்கும் உரிய மாதங்களிலேயே நிகழ்வதால், கூலிக்குப் போனவர்கள் நல்ல வானிலைக்காகக் காத்திருக்க வழியில்லை. தலைச்சுமைக்காரர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடாக வைத்து அதன்மேல் மூட்டையை ஏற்றி நடந்தனர். பொதிமாடுகள், அதாவது முதுகின் இருபுறமும் மூட்டை தொங்கவிடப்பட்ட மாடுகள், அவர்களுக்கு முன்னும் பின்னும் சென்றன.

அவர்களுடைய மழையுடையை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவ்வளவு எளிமையாகவும் பொருத்தமாகவும் அமைந்த கருவிகள் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. காலிச் சணல் சாக்கொன்றை எடுத்து, அதன் அடிமூலைகளில் ஒன்றை மற்றொன்றுக்குள் புகுத்தினால் தலையில் கவிழ்த்துக்கொள்ளத்தக்க கூம்பு கிடைக்கிறது. சாக்கின் மீதி நீளம் முதுகை மறைத்து முழங்கால்வரை தொங்குகிறது. கொங்காணி எனப்படும் இது கைகள் இரண்டையும் வேலைக்கு விட்டுவிடும். குனிந்து ஏலக்காய் பறிப்பவருக்குக் குடையால் ஆகாத உதவி இது. சாக்கு நனைந்து ஊறினாலும் உடலின் சூட்டைக் காற்று நேராகப் பறித்துவிடாமல் ஓரளவு தடுக்கும். இரவில் கணப்பின் அருகே, அதாவது குளிர்காய மூட்டிய தீயின் அருகே, விரித்து உலர்த்தினால் அதுவே பாயாகவும் ஆகும். காலில் ஏறும் அட்டைகளுக்குப் புகையிலையும் சுண்ணாம்பும், பசிக்குக் கட்டுச்சோறு, குளிருக்குக் கம்பளி என்பவற்றோடு அக்காலத்து மலைப்பயணியின் சுமை முடிந்தது. ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்தும் கட்டடத்தை இப்பகுதியினர் ‘ஸ்டோர்’ என்றே வழங்குவர். இரவெல்லாம் விறகெரியும் அதன் சூளைப்பக்கம் மழைநாளில் மலையிலேயே கதகதப்பான இடமாக இருந்திருக்கும் என்று கருதத் தடையில்லை.

மலையையே ஊராகக் கொண்டவர்களின் நிலை வேறு. மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறியதாகத் தம் தோற்றத்தைக் கூறும் முதுவர் குடிகளும், தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்த பளியர்களும் காட்டில் இரவு கழிக்கும் கலையை நன்கறிந்தவர்கள். பாறைப்புடைவில் நனையாத மூலை எது, எந்த ஓடையின் கரையில் படுக்கக் கூடாது, யானைத்தடம் எங்கே குறுக்கிடுகிறது என்ற அறிவு அவர்களிடம் வழிவழியாக இருந்தது. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்த வார்டு, கானர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரிகள் தொடங்கிப் பின்வந்த அளவையாளர், தோட்டக்காரர் பலரும் மலைக்குடிகளின் வழிகாட்டலை நம்பியே உள்ளே சென்றனர். ஆயினும் வரைபடங்களில் அவ்வழிகாட்டிகளின் பெயர்கள் இடம்பெறவில்லை என்பது வருந்தத்தக்கது.

பெருங்கூட்டமாக மலையில் தங்கிய வரலாறு பெரியாற்று அணையோடு சேர்ந்தது. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரத்தில் எழுந்திருந்தாலும், 1850-இல் கேப்டன் ஃபேபர் சிறிய அணையொன்றைத் தொடங்கியபோதுதான் தொழிலாளர் அங்கே தங்கிப் பார்த்தனர். காய்ச்சலும் அதனால் உயர்ந்த கூலியும் அம்முயற்சியை விரைவில் முடித்துவைத்தன. பின்னர் 1887-இல் ஜான் பென்னிகுவிக் தலைமையில் வேலை தொடங்கி 1895-இல் அணை திறக்கப்படும் வரை, அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்திலிருந்து மாட்டுவண்டிகளில் வந்த பொருள்கள் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து மலையேறின. ஆற்றின் திடீர் வெள்ளம் கட்டிய கட்டுமானத்தை மீண்டும் மீண்டும் அடித்துச்சென்றது; மழை விட்டபோதும் நிம்மதியில்லை, மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியா முகாம்களைப் பிடித்தது. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897-இல், அணை முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே கண்டறிந்ததால், நோய்க்குக் காற்றையும் நீரையும் குற்றம்சாட்டிய அத்தொழிலாளர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியறியாமல் மாண்டனர். அணையருகே உள்ள கல்லறைத் தோட்டம் அவ்விரவுகளின் சான்றாக இன்றும் இருக்கிறது.

வடக்கே, 1877-இல் ஜே. டி. மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பின் தேயிலை பெருகியது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும் 1908-இல் அதற்கு மாற்றாகக் குறுகிய ரயில்பாதையும் வந்தன. முகட்டில் ரயில் முடிந்த இடத்திலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டன. அதனாலேயே அம்முகடு இன்றும் ‘டாப் ஸ்டேஷன்’ எனப்படுகிறது. 1924 ஜூலையில் பெய்த பெருமழை அந்த ரயிலை மீளாதபடி அழித்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. பின்னர் மெட்டுகளில் மோட்டார் சாலைகள் அமைந்தன. ஒரு முழு நாளை விழுங்கிய ஏற்றம் ஒரு மணி நேரப் பயணமாகச் சுருங்கியது; கூலியாட்கள் காலையில் ஜீப்பில் ஏறி இருட்டும் வேளையில் வீடு திரும்பலாயினர். வழியிடைத் தங்கலுக்குத் தேவை அற்றுப்போக, அதைச் சார்ந்த அறிவும் மெல்லத் தேய்ந்தது. மலைமாடுகளை ஓட்டிச் சென்று காட்டில் பட்டி போட்டுத் தங்கிய மேய்ப்பர்களே அவ்வறிவின் கடைசி உரிமையாளர்கள் எனலாம். சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலைத் தடுத்த 2022-ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின் அவர்களுடைய வழிகளும் சுருங்கிவிட்டன.

இந்த இடைவெளியில்தான் நகரங்களிலிருந்து மலையேற்றக்காரர்கள் வரத் தொடங்கினர். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டதில் 23 பேர் உயிரிழந்தனர். தீ சமதரையைவிட ஏறுசரிவில் பன்மடங்கு வேகமாகப் பரவும். மேலே உள்ள புல்லைத் தன் வெப்பத்தால் முன்கூட்டியே உலர்த்திக்கொண்டு செல்வதும், பகலில் சூடேறிய காற்று சரிவில் மேல்நோக்கி வீசுவதும் அதற்குக் காரணங்கள். மழையும் பனியும் மட்டுமே மலையின் ஆபத்துகள் என்று எண்ணியிருந்தோருக்கு, மேகமற்ற வறண்ட பிற்பகலும் கொடிய வானிலையே என்பதை அந்நாள் காட்டியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. முன்னனுமதியும் உடன்வரும் வழிகாட்டியும் கட்டாயமாயின. 2024-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் 40 மலைவழிகள் முறையாகத் திறக்கப்பட்டபோது, மலையடிவாரத்து மக்களும் பழங்குடியினரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர். வார்டு, கானர் காலத்தில் பெயரின்றிப் போன ஒரு பணிக்கு இது காலம் தாழ்ந்து வந்த அங்கீகாரம்.

கம்பம் பள்ளத்தாக்கினர் இன்றும் பெருந்திரளாகக் கால்நடையாய் ஏறும் வழி ஒன்று உண்டு. சித்ரா பௌர்ணமியன்று மட்டும் திறக்கப்படும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து பெண்களும் முதியோரும் விடியலிலேயே ஏறத் தொடங்குகின்றனர். கோடைமழை பிற்பகலில் இடியோடு வரக்கூடிய மாதம் அது. கோயிலைச் சுற்றியிருப்பது புலிகள் காப்பகக் காடு. ஆகவே முழுநிலவுக்குரிய விழாவாக இருந்தும், நிலவு முகட்டின் மேல் ஏறுவதற்கு முன்பே கடைசி ஆளும் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே விதி.